பெட்டகத்தைத் திறந்துவிட்டது நான்தான்

அன்பு மகனுக்கு,

இதை உனக்கு மட்டும் எழுதியதாக நினைத்துக்கொள்ளாதே. இதற்கு இன்னொரு பிரதி எடுத்து உன் சின்னச்சாமி சித்தப்பாவிடம் கொடுக்கப் போகிறேன். ஊரில் நம் பங்காளிகள் எல்லாரையும் உட்கார வைத்து அவர் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. வீட்டு விஷயத்தை ஊரில் விட்டுப் பட்ட பாடு போதாதா, மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயா என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் உன் மேல் விழுந்த பழியை ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது, அதை எடுக்கிற காரியத்தை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு காதோடு காதாகச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த முறை அப்பாவிடம் கேட்டுவிட்டேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் வேண்டாம் என்று கையை ஆட்டினார், அடித்துவிட்டேன். மிச்சமிருப்பது அவர் சம்மதத்தோடு இருக்கிறது.

போன வாரம் நீ சிங்கப்பூரிலிருந்து பேசும்போது, பத்திரிகை அடித்தாயிற்றா, மண்டபத்துக்காரர் என்ன சொன்னார் என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் குரலை இறக்கி, கல்யாணத்துக்கு அப்பா வருவாரா என்று கேட்டாய். நான் மண்டபத்துக்காரர் பேச்சையே மறுபடி எடுத்தேன். "வராட்டியும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேம்மா. நான் செஞ்ச காரியத்துக்கு அது நியாயந்தான்" என்றாய். போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். ஒரு பிள்ளை தன் கல்யாணத்துக்குத் தகப்பன் வராமல் இருப்பதை நியாயம் என்று சொல்லும்படி வைத்திருக்கிறேனே, நானெல்லாம் ஒரு தாயா என்று என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. நீ ஒன்றும் செய்யவில்லை, தம்பி. அப்பாவை எடுத்த வீடியோப் படங்கள் பரவை மார்க்கெட் வரைக்கும் போனதற்கு நீ காரணம் இல்லை. நான்தான். இவ்வளவு நாளும் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள். பங்காளிகளுக்கும் விளங்க வேண்டும் அல்லவா.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது கையும் காலும் கொஞ்ச நாளில் தேறிவிட்டன. பேச்சுத்தான் போய்விட்டது. அந்த மனுஷனுக்குப் போய் பேச்சு! பரவை மார்க்கெட்டில் கமிஷன் கடை வாசலில் நின்று அவர் ஏலம் விட்டால், தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் எத்தனை சத்தம் இருந்தாலும் அவர் குரல் தனியாகக் கேட்கும். நான் கல்யாணமாகி வந்த புதிதில், வீட்டுக்குள்ளும் இவர் இப்படித்தான் கத்துவாரா என்று பயந்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவருக்கு எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "ஒரு தரம்" என்றுதான் வந்தது. தண்ணீர் கேட்டாலும் "ஒரு தரம்", கால் வலித்தாலும் "ஒரு தரம்". மூளையில் மற்ற சொற்களுக்கெல்லாம் வழி அடைபட்டு, வருஷக்கணக்காக ஏலத்தில் சொல்லிப் பழகிய அது மட்டும் வெளியே வருகிறது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சரம்மா சொன்னார். தான் தப்பாகச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியும். அதுதான் கொடுமை. சொல்லிவிட்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய என்னைப் பார்ப்பார்.

நீ லீவு போட்டு ஓடி வந்தாய். இருந்த நாட்களில் நீ சும்மா இருக்கவில்லை. உன் சிநேகிதன் மூலம் சிங்கப்பூரில் ஒரு பெரிய டாக்டரிடம் பேசி, வாராவாரம் அப்பா பேசுவதைப் படம் எடுத்து அனுப்பினால் எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு செய்தாய். கேமரா வாங்கிக் கொடுத்தாய். கம்ப்யூட்டரில் ஆன்லைன் ஸ்டோரேஜ் என்று ஒன்றை எனக்குத் திறந்து கொடுத்தாய். எனக்கு அந்தப் பேர் வாயில் நுழையாததால் பெட்டகம் என்று வைத்துக்கொண்டேன். உன் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் அதில் அடுக்கிவிட்டு, அப்பாவின் படங்களுக்கென்று தனியாக ஒரு அறை ஒதுக்கினாய். அப்போது நீ எனக்குச் சொன்னதெல்லாம் இப்போதும் காதில் இருக்கிறது. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள், வெளியில் எங்கேயாவது திறந்தால் மூடிவிட்டு வாருங்கள், முக்கியமானதை இதில் மட்டும் வைக்காமல் ஒரு சி.டி.யிலும் போட்டு வையுங்கள் என்றாய். யாருக்குச் சொல்கிறாய் தெரியுமா என்று உன்னைக் கேலி செய்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசில் பாதியை ஓட்டியவளுக்கு ரகசியத்தைப் பற்றிப் பாடமா என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு.

படம் எடுக்க அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கேமராவைப் பார்த்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நீ அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நானும் டாக்டரும் மட்டும்தாம்ப்பா பாப்போம். வேற ஒருத்தர் கண்ணுலயும் படாது" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். உன் முகத்தைப் பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினார். அந்தச் சரியை அவர் உன்னிடம் கொடுத்தார். காப்பாற்ற வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

நீ விமானம் ஏறிய பிறகு வாராவாரம் எடுத்தேன். குடை, வாழைப்பழம், சாவி என்று டீச்சரம்மா கொடுத்த பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, கேமராவுக்குப் பின்னால் நின்று "சொல்லுங்க, சொல்லுங்க" என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி கொஞ்சுவேன். குடையைக் காட்டினால் "ஒரு தரம்" என்பார். சாவியைக் காட்டினால் உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அதுவே வந்துவிடும். ஒரு நாள் கோபத்தில் அட்டைகளைத் தட்டிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். கடைவாயில் எச்சில் ஒழுகியதைக்கூட நான் துடைக்கவில்லை. டாக்டர் பார்க்க வேண்டுமே என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் பெட்டகத்துக்குப் போனது. நம் வீட்டு இணைப்பில் ஒரு படம் ஏறி முடிவதற்குள் நான் சமையலை முடித்துவிடுவேன்.

நீ வைத்த பாஸ்வேர்டு எழுத்தும் எண்ணுமாகக் கலந்து நெட்டுருப் போட முடியாததாக இருந்தது. இரண்டு தடவை தப்பாக அடித்துப் பெட்டகம் பூட்டிக்கொண்டது. அப்போது நீயே போனில் வழி சொல்லி, மறக்காத ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றாய். மறக்காதது என்றால் நான் எதை வைப்பேன்? குலசாமி பேரை வைத்தேன். நம் வகையறாவில் மூத்த பிள்ளைக்கு அந்தப் பேர், லாரிக்கு அந்தப் பேர், ஊரில் பாதிக் கடைக்கு அந்தப் பேர். பெட்டகத்துக்கும் அதையே வைத்துவிட்டுச் சாமியே காவல் இருக்கும் என்று நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன். சாமி இருக்கும், சரி. அதன் பேர் தெரியாத ஆள் சுற்றுவட்டாரத்தில் ஒருவராவது உண்டா என்று நான் யோசிக்கவில்லை.

இனிமேல்தான் சொல்லக் கூசுகிற இடம். நம் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வருவது எப்படி என்று உனக்குத் தெரியும். ஒருவர் தனியாக வர மாட்டார். பஸ் பிடித்து ஏழெட்டுப் பேராக ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் குனிந்து "என்னயத் தெரியுதாண்ணே? எங்க, எம் பேரச் சொல்லுங்க" என்று பரீட்சை வைப்பார்கள். அவர் வாயைத் திறப்பார், "ஒரு தரம்" என்று வரும். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் போன பிறகு அந்த நாள் முழுக்க அவர் சாப்பிட மாட்டார். யாரையும் வர வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொன்னால், எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளுக்குத் தலைக்கனம் என்று ஆகிவிடும். அந்தச் சமயத்தில் சின்னச்சாமி சித்தப்பா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து எல்லாரும் வருவதாகப் போன் செய்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ! வேண்டாம் தம்பி, அலைய வேண்டாம், அண்ணன் எப்படி இருக்கிறார் என்று வாராவாரம் படம் எடுத்து வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே சமயநல்லூரில் பிரவுசிங் சென்டர் இருக்கிறதே, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பெட்டகத்தின் முகவரியைச் சொன்னேன். பாஸ்வேர்டு என்ன மதினி என்று கேட்டார். "நம்ம சாமி பேருதான்" என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேன் வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது. நான் செய்தது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதோடு நின்றிருந்தாலாவது, நோயாளிக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நிற்கவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். "நீங்க இல்லாட்டி அண்ணன் என்ன ஆயிருப்பாரு மதினி, எம்புட்டுப் பொறுமையா உக்காந்து சொல்லிக் குடுக்குறீங்க" என்றார்கள். எனக்கு அது இனித்தது. அந்தச் சமயத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எல்லாரும் அவரைப் பற்றித்தான் கேட்பார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் நான் கிடந்து மாய்வது நாலு பேர் கண்ணில் படட்டுமே என்று இருந்தது. அடுத்த வாரப் படம் ஏறியதும் நானே சித்தப்பாவைக் கூப்பிட்டு, புதுசு வந்திருக்கிறது, பார்த்தீர்களா என்று கேட்டேன். அப்பா அழுத படம் அதுதான். அதைக் கேட்டுக் கேட்டுப் பார்க்க வைத்தது என் பெருமை. இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

சித்தப்பா மேல் கோபப்படாதே. அவருக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை. பார்த்துவிட்டு அப்படியே எழுந்து வந்திருக்கிறார், மூடிவிட்டு வர வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. அடுத்து உட்கார்ந்தவன் பார்த்திருக்கிறான், பிறகு பக்கத்தில் இருந்தவன். யாரோ ஒருவன் அந்த அழுகைப் படத்தை இறக்கித் தன் போனில் போட்டுக்கொண்டான். அங்கிருந்து போனுக்குப் போன் ப்ளூடூத்தில் தாவி மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. அப்பாவின் குரலுக்குப் பயந்து நின்ற பையன்களுக்கு அது விளையாட்டாகிப் போனது.

இதெல்லாம் நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது, அப்போது எனக்குத் தெரியாது. அப்பா மெல்ல மெல்லத் தேறிக்கொண்டு வந்தார். "தண்ணி", "வா", "போதும்" எல்லாம் வந்துவிட்டன. உன் பேரை ஒரு நாள் முழுசாகச் சொன்னார், உனக்கு அனுப்பினேன், நினைவிருக்கும். ஆயுத பூஜைக்கு வரச் சொல்லிக் கமிஷன் கடை முதலாளி ஆள் அனுப்பியபோது, போகிறேன் என்று அவரே சொன்னார். வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி, ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். முதலாளி எழுந்து வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தார். பூஜை முடிந்து பொரி வாங்கிக்கொண்டிருந்தபோது, மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து என் குரல் கேட்டது. "சொல்லுங்க, சொல்லுங்க." எனக்கு ஒரு கணம் புரியவில்லை, நான் வாயே திறக்கவில்லையே என்று பார்த்தேன். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து அந்தப் பக்கம் நடந்தார். நாலைந்து இளவட்டங்கள் ஒரு போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். ஒருவன் முருங்கைக்காயைத் தூக்கிக் காட்டி என்னைப் போலவே கொஞ்சினான், இன்னொருவன் வாயைக் கோணலாக்கி "ஒரு தரம்" என்றான். திரும்பிப் பார்த்ததும் அவர்கள் முகமும் செத்துப்போனது, அதையும் சொல்ல வேண்டும். அப்பா கையிலிருந்த பொரியைப் பக்கத்துக் கூடையில் வைத்துவிட்டு, வெளியே வந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். பட அட்டைகளை எடுத்துப் பரண் மேல் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி, "தம்பி... கிட்ட... தான... குடுத்தோம்" என்றார். தம்பி என்று அவர் சொன்னது உன்னை. அவர் நோய்க்குப் பிறகு பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். எந்தத் தாய்க்கும் அந்த இடத்தில் வாய் திறந்திருக்க வேண்டும். நான்தான் சித்தப்பாவிடம் சொன்னேன் என்று ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். அவருக்கு இந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்தி, என்னையும் வெறுத்துவிட்டால் அவர் யார் கையால் சாப்பிடுவார் என்று ஒரு சாக்கு என் மனசே தயாரித்துக் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். டீச்சரம்மா வந்தபோது அவர் கதவைத் திறக்கவில்லை. அதோடு பயிற்சி நின்றது. நீ போன் செய்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

விஷயத்தை உனக்குச் சொன்னபோது நீ என்ன செய்தாய்? "நாந்தாம்மா எங்கேயோ செட்டிங்கத் தப்பா வச்சுத் தெறந்து போட்டுட்டேன் போலிருக்கு" என்று நீயாகவே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாய். போனில் அழுதாய். அப்பாவின் படங்களை எல்லாம் அன்றைக்கே அழித்தாய். நான் அப்போது உன்னிடம் சொன்னது, "சரி, விடு தம்பி, தெரிஞ்சா செஞ்ச?" நான் செய்த தப்புக்கு உன்னை மன்னித்தேன்! தம்பி, வேறு எதற்கு வேண்டுமானாலும் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது. இதற்கு முடியவில்லை. ஊரில் பங்காளிகள், படித்த பிள்ளை இப்படிச் செய்துவிட்டானே என்று பேசிக்கொண்டபோதும் கேட்டுக்கொண்டிருந்தேன். சித்தப்பாவுக்கே அது பிரவுசிங் சென்டரிலிருந்து போனது என்று தெரியாது. அவரும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எக்ஸ்சேஞ்சில் என்னோடு ஒரு பெண் வேலை பார்த்தாள். வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்து, இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்த்ததும் நாங்கள் லைனிலிருந்து விலகிவிட வேண்டும். அவள் விலகாமல், திண்டுக்கல் மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டதைக் கேட்டுப் பெண் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். கல்யாணம் நின்றது. விசாரணையில் மற்றவர்கள் போகட்டும் என்றார்கள். நான்தான் விடவில்லை. அடுத்தவர் பேச்சு நம் கையில் இருப்பது, இஷ்டத்துக்குச் செலவழிக்க நமக்குக் கொடுத்த சம்பளம் இல்லை, இவளை மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் முன்னால் நின்று சொன்னேன். மாற்றிவிட்டார்கள். போன மாதம் தல்லாகுளம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். அவளே வந்து என் கையைப் பிடித்து, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் ஒரு வீட்டுப் பேச்சைக் கேட்டு ஒரு வீட்டில் சொன்னாள். நான் கட்டின புருஷன் அழுததை ஊருக்கே கொடுத்துவிட்டு, பழியைப் பெற்ற பிள்ளை மேல் ஏற்றியிருக்கிறேன்.

கல்யாணம் கட்டப் போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஆனாலும் பட்டவள் சொல்வதைக் கேட்டுக்கொள். நீயும் கவிதாவும் சேர்ந்து வாழ ஆரம்பித்தால் அந்தப் பெட்டகம் சீக்கிரம் நிறைந்துவிடும். கல்யாணப் படம், பிரசவப் படம், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று வந்துகொண்டே இருக்கும். இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதில் கொண்டுபோய்க் கொட்டாதே. ஒரு படம் எடுத்தவருக்குச் சொந்தம் என்று நான் நினைத்தேன். இல்லை. அதில் முகம் இருக்கிறவருக்குத்தான் சொந்தம். கவிதா தூங்கும்போது, உடம்பு முடியாமல் கிடக்கும்போது எடுத்ததை, அவளைக் கேட்காமல் என்னிடம்கூடக் காட்டாதே, நான் கேட்டாலும் காட்டாதே. மாமியார்களுக்கு எல்லாவற்றையும் பார்க்கத் தோன்றும். அவள் ஒரு தடவை சரி என்று சொன்னது ஒரு ஆளுக்குச் சொன்னது. அடுத்த ஆளுக்கு மறுபடி கேட்க வேண்டும். பாஸ்வேர்டைச் சொந்தக்காரர்களிடம் சொன்னால் என்ன, அவர்கள் கெட்டவர்களா என்று என்னைப் போலக் கேட்காதே. கெட்டவர்கள் யாரும் இதில் கிடையாது. பாசத்தோடு பார்த்தார்கள், பாசத்தோடு திறந்துபோட்டுவிட்டு வந்தார்கள். இன்னொன்று, அழித்துவிட்டால் போயிற்று என்று நினைத்து வைக்காதே. நீ பெட்டகத்தில்தான் அழித்தாய். எவன் எவன் போனில் இருக்கிறதோ அதை நீயும் நானும் என்ன செய்ய முடியும்? அப்பா இன்றைக்கும் தெருவில் யாராவது போனைப் பார்த்துச் சிரித்தால் நின்றுவிடுகிறார்.

நேற்றுக் காலையில் அவரிடம் சொன்னேன். காபி குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சித்தப்பாவிடம் நான் சொன்னது, பாராட்டுக்கு ஆசைப்பட்டது, அவர் உன் மேல் பழி சொன்னபோது நான் பேசாமல் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். காலில் விழவில்லை. விழுந்தால் அவர் மன்னிக்க வேண்டியதாகிவிடும், அது வேறு அவருக்கு ஒரு வேலை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "நீயா" என்றார். கொஞ்சம் கழித்து, "அம்புட்டு நாளா" என்றார். நான் ஆமாம் என்றேன். மத்தியானம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். இது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான் என்று எடுத்து மூடி வைத்தேன்.

சாயங்காலம் கம்ப்யூட்டரைக் காட்டி, திற என்று கையைக் காட்டினார். பெட்டகத்தைத் திறந்தேன். பாஸ்வேர்டு மாற்றுகிற இடத்தைக் கேட்டார், கொண்டுவந்து கொடுத்தேன். பிறகு என்னைப் பார்த்துக் கதவைக் காட்டினார். நான் முற்றத்தில் போய் நின்றேன். ஒற்றை விரலால் அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவது கேட்டது, நடுவில் தப்பாகி மறுபடி ஆரம்பித்தார். முடித்துவிட்டுக் கூப்பிட்டார். எல்லாம் மூடியிருந்தது. என்ன வைத்தார் என்று எனக்குத் தெரியாது. "உனக்கு... இல்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு போனை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "தம்பி... கூப்புடட்டும். நான்... சொல்றேன்" என்றார்.

உன் சான்றிதழும் படங்களும் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. மறந்துவிட்டேன் என்று எதையோ அழுத்தி வேறு வழியில் நீ உள்ளே போய்விடலாம், உனக்கு அது பெரிய விஷயமில்லை. போகாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கூப்பிடு. முதல் மணியிலேயே அவர் எடுப்பார். கல்யாணத்துக்கு வருவாரா என்று என்னைக் கேட்காதே, அவரைக் கேள். பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத்தான் சொல்லுவார், தப்பாக வரும், கோபம் வரும், திரும்ப ஆரம்பிப்பார். இதுதானா அப்பா என்று நீயாக எடுத்துக் கொடுத்து முடித்துவிடாதே. எம்புட்டு நேரமானாலும் லைனை வைத்துவிடாதே, ராசா.

உன் அம்மா